நட்டது ஐந்நூறு, நிற்பது எத்தனை?



என் தம்பியின் பேத்தி கல்லூரியில் முதலாமாண்டு படிக்கிறாள். போன மாதம் நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஈ.சி.ஆர். பக்கம் ஒரு உப்பங்கழிக்குப் போய் அலையாத்திக் கன்று நட்டுவிட்டு வந்தாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாற்பது போட்டோ. முழங்கால் வரை சேறு, முகம் கொள்ளாத சிரிப்பு. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் சேற்றில் இறங்குவதே பெரிய விஷயம்.

எத்தனை கன்று நட்டீர்கள் என்று கேட்டேன். "ஐந்நூறு, பாட்டி." போன வருஷம்? "அப்பவும் ஐந்நூறுதானாம்." அதில் இப்போது எத்தனை நிற்கிறது? பதில் இல்லை. அழைத்துப் போன ஆசிரியரைக் கேட்டுச் சொல் என்றேன். "அது வேற இடம், நாங்க திரும்பப் போகலை" என்றாராம். கல்லூரியின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். இது ஒரு கல்லூரியில் மட்டும் நடப்பதில்லை.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கண்ணாடி டம்ளரில் ஈரப்பஞ்சு வைத்து அவரை விதை போடுவோம். போட்ட அன்றைக்கு ஒன்றும் எழுத விடமாட்டேன். மறுநாள் முதல் தினமும் என்ன ஆயிற்று என்று எழுத வேண்டும். அழுகிப்போனால் "அழுகியது" என்று எழுத வேண்டும். அதற்கும் மார்க் உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு அவரை விதைக்கு வைத்த கணக்கை, பதினெட்டு வயதில் ஐந்நூறு கன்றுக்கு வைக்க வேண்டாமா?

அலையாத்தி ஒன்றும் வேப்பங்கன்று இல்லை, குழி தோண்டி நட்டுத் தண்ணீர் ஊற்ற. கடல்நீர் தினமும் ஏறி இறங்கும் இடம் அதற்கு வேண்டும். நம் கரையில் அந்த ஏற்றமே ஒரு மீட்டர் அளவுதான். அதனால் நடும் இடம் ஒரு ஜாண் மேலே போனால் காய்ந்துவிடும், ஒரு ஜாண் கீழே போனால் மூழ்கிவிடும். இலையை மாடு மேயும். பாசி வந்து சுற்றிக்கொள்ளும். சுரபுன்னை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போலத் தொங்கும், அதை அப்படியே சேற்றில் குத்தி வைக்கலாம். வெண்கண்டலை நாற்றுப் பையில் வளர்த்துக் கொண்டுவருவார்கள். எங்கள் பேத்தி அனுப்பிய போட்டோ ஒன்றில் அந்தக் கறுப்புப் பைகள் சேற்றிலேயே கிடக்கின்றன. அதையும் சொன்னேன். "அது போட்டோவில் விழுந்துடுச்சா?" என்கிறாள்!

பிச்சாவரத்தை நம்மில் பலர் முதலில் 'இதயக்கனி' படத்தில்தான் பார்த்திருப்போம். அந்தக் காட்டிலும் பெரிய பகுதி பட்டுப்போய் வெறும் திடலாகக் கிடந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கூறு கூறாக மரத்தை மொட்டையடித்தார்கள். வெயில் பட்டு மண் காய்ந்து பள்ளமாயிற்று. உள்ளே வந்த கடல்நீர் திரும்பப் போக வழியில்லாமல் தேங்கி, உப்பேறியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் கிராம மக்களைச் சேர்த்துக்கொண்டு அங்கே முதலில் செய்தது வாய்க்கால் வெட்டியது. மீன் முள்போல ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் கிளை வாய்க்கால்கள். தண்ணீர் வந்து போக ஆரம்பித்தது. அந்த வாய்க்கால் ஓரத்தில்தான் கன்று நட்டார்கள். இன்று அங்கே காடு நிற்கிறது. 2004 சுனாமியில் அலையாத்திக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

அடையாறு பூங்காவிலும் இதே முறைதான். 2011இல் திறப்பதற்கு முன் குப்பையையும் கட்டட இடிபாடுகளையும் அள்ளி, நீர் வர வழி செய்து, பிறகுதான் நட்டார்கள்.

மாறாக, சுனாமிக்குப் பிறகு இலங்கையில் போட்டி போட்டுக்கொண்டு நட்டார்கள். பின்னாளில் 23 இடங்களை ஆய்வு செய்தபோது 9 இடங்களில் ஒரு கன்றுகூட இல்லை. ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் நட்டதில் தேறியது இருநூறு சொச்சம். அவர்களுக்கும் ஆர்வத்துக்குக் குறைவில்லை, நட்ட அன்றைக்கு அங்கேயும் போட்டோ எடுத்திருப்பார்கள்.

என் கருத்து இதுதான். போன வருஷத்துக் கன்றை எண்ணாமல் இந்த வருஷம் ஒரு கன்றும் நடக் கூடாது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவருக்கு இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் கணக்கு. நடுவதற்கு ஒரு நாள் போகட்டும். அதே பிள்ளைகள் அதே இடத்துக்கு மூன்று மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து, அடுத்த வருஷம் போகட்டும். எண்ணட்டும், குப்பை பொறுக்கட்டும், செத்தது ஏன் என்று அங்குள்ள மீனவர்களைக் கேட்கட்டும். சான்றிதழைக் கடைசித் தடவை போய் வந்த பிறகு கொடுங்கள். "பஸ் வாடகை யார் தருவது?" என்று ஒரு முன்னாள் மாணவர், இப்போது அவரே பேராசிரியர், கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு இடத்தில் புதிதாக நடும் காசில் ஒரே இடத்துக்கு இரண்டு முறை போகலாம் என்றேன்.

இன்னொன்று. தாம்பரத்துப் பிள்ளைகள் ஈ.சி.ஆர். வரைக்கும் போகாமலே செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. அடையாறு தொடங்குவது நம் ஆதனூர்ப் பக்கம்தான். வரதராஜபுரம், முடிச்சூர், அனகாபுத்தூர், சைதாப்பேட்டை என்று போய்க் கடலில் விழுகிறது. நாம் மழைநீர்க் கால்வாயில் போடும் கவர் எல்லாம் அந்த முகத்துவாரத்தில்தான் சேருகிறது. வெண்கண்டலின் மூச்சு வேர்கள் சேற்றில் பென்சிலைக் குத்தி வைத்ததுபோல மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் பிளாஸ்டிக் படிந்தால் மரம் எப்படி மூச்சுவிடும்? அதற்காக, அலையாத்தி நட்டால் முடிச்சூரில் வெள்ளம் வராது என்று மேடையில் பேசாதீர்கள். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியதே, அதற்கு ஏரியும் கால்வாயும்தான் பதில் சொல்ல வேண்டும்.

பேத்தி ஜனவரி விடுமுறையில் தோழிகள் நாலு பேரோடு அந்த இடத்துக்குப் போய் எண்ணிவிட்டு வருகிறேன் என்றிருக்கிறாள். பைகளையும் பொறுக்கி வரச் சொல்லியிருக்கிறேன். உங்களில் கல்லூரியிலும் பள்ளியிலும் வேலை பார்ப்பவர்கள், போன வருஷம் எங்கே நட்டீர்கள், இப்போது எத்தனை நிற்கிறது என்று போய்ப் பார்த்துக் கீழே எழுதுங்கள். பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே எழுதுங்கள்.