"இன்னும் டெஸ்ட் பண்ணிட்டுத்தான் இருக்கேன்!"



கல்ச்சுரல்ஸ் முடிந்த அடுத்த வாரம் எல்லா ஹாஸ்டலிலும் ஒரு பேச்சு கிளம்பும். "மச்சி, நம்ம பாட்டை ஒழுங்கா ரெக்கார்ட் பண்ணி யூடியூப்ல ஏத்தணும்டா." உடனே அடுத்த கேள்வி, "எந்த சாஃப்ட்வேர்டா?" அரை மணி நேரத்தில் பக்கத்து ரூமிலிருந்து ஒருத்தர் பென்டிரைவோடு வந்துவிடுவார். உள்ளே பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள மென்பொருளின் கிராக். கூடவே இலவசமாக ஒரு அறிவுரை: "இன்ஸ்டால் பண்றப்ப ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிடு."

அந்த ஒரு வரியைக் கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. செமஸ்டர் ப்ராஜெக்ட், ரெஸ்யூமே, யுபிஐ, மெயில் எல்லாம் இருக்கிற லேப்டாப்பில், யார் எழுதினார் என்றே தெரியாத ஒரு நிரலுக்கு அட்மின் அனுமதி கொடுத்து, காவல்காரனையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். இதைத்தான் செக்யூரிட்டி பேப்பரில் 16 மார்க் கேள்வியாக எழுதுகிறோம்.

என் கருத்தை நேரடியாகவே சொல்லிடறேன். ஹோம் ஸ்டுடியோவுக்கு கிராக் தேவையே இல்லை. ஒரு பைசா இல்லாமலும், அல்லது சுமார் 5,000 ரூபாயிலும், நம் பாட்டை முழுதாக முடிக்கக் கூடிய மல்டிட்ராக் மென்பொருள்கள் இருக்கு. நாம் அவற்றை ஒழுங்காகச் சோதித்துப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

எதை வைத்துச் சோதிப்பது?

பெரும்பாலானோர் சோதிப்பது ஸ்க்ரீன் எப்படி இருக்கு என்பதை. அது போதாது. உங்கள் பாட்டையே எடுத்து ஒரு பேப்பரில் டிராக்குகளை எண்ணுங்க. இடது கிடார், வலது கிடார், பேஸ், கீபோர்டு, பறைக்கு இரண்டு மைக், லீட் குரல், அதன் டபுள், கோரஸ் மூணு, புல்லாங்குழல். 12 ஆயிற்று. ப்ரோ டூல்ஸின் இலவசப் பதிப்பான இன்ட்ரோவில் ஆடியோ டிராக் 8 தான். எஃப்எல் ஸ்டுடியோவின் விலை குறைந்த ஃப்ரூட்டி பதிப்பில் மைக் வழியாகக் குரலைப் பதிய நீண்ட காலம் வழியில்லாமல் இருந்தது. எல்எம்எம்எஸ் இலவசம்தான், பீட் போட நல்லாவும் இருக்கும். ஆனால் அதன் 1.2 பதிப்பிலும் ஆடியோ ரெக்கார்டிங் கிடையாது. பேப்பரில் எண்ணிய ஐந்து நிமிடத்தில் பாதிப் பட்டியல் குறைந்துவிடும்.

"பீட்டில்ஸ் நாலு டிராக்லயே ஆல்பம் போட்டாங்களே?" என்று ஒருத்தர் கேட்பார். உண்மை. 1967இல் வந்த சார்ஜெண்ட் பெப்பர் ஆல்பம் நாலு டிராக் டேப் இயந்திரங்களில்தான் பதிவானது. நாலும் நிறைந்தால் கலந்து இன்னொரு டேப்புக்கு மாற்றி இடம் பண்ணுவார்கள். ஆனால் அவர்களோடு ஆபி ரோடு ஸ்டுடியோவின் இன்ஜினியர்கள் இருந்தார்கள். நம்மோடு இருப்பது நாளைக்கு இன்டர்னல் டெஸ்ட் உள்ள ஒரு ரூம்மேட்.

இரண்டாவது சோதனை லேட்டன்சி. கணக்கு நமக்குத் தெரிந்ததுதான். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் 1024 சாம்பிள் என்றால் ஒரு பக்கத்துக்கு 21.3 மில்லி செகண்ட். உள்ளே போய் வெளியே வர 43க்கு அருகில். ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். அதாவது, நீங்கள் பாடும் குரல் கிட்டத்தட்ட 15 மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரிலிருந்து உங்களுக்கே திரும்பி வருகிற மாதிரி இருக்கும். தாளம் நழுவாமல் என்ன செய்யும்? பஃபரை 128க்கு இறக்கினால் ஒரு பக்கம் 2.7 மில்லி செகண்ட். அந்த நிலையில் உங்கள் லேப்டாப் 'கிர்ர் கிர்ர்' என்று உடையாமல் ஓடுகிறதா என்று பாருங்க. விண்டோஸில் இதற்கு ஆசியோ டிரைவர் முக்கியம். பாடகர் தாளம் விடுகிறார் என்று திட்டுவதற்கு முன்னாடி இந்த எண்ணைப் பாருங்க. பல பேண்டுகளின் சண்டை இங்கேயே முடிந்துவிடும்.

மூன்றாவது, ஒரே சரணத்தை நாலு தடவை பாடி, அதில் நல்ல வரிகளை மட்டும் பொறுக்கி ஒட்டுவது எவ்வளவு சுலபம் என்று பாருங்க. நான்காவது, ப்ராஜெக்டை மூடி, இன்னொரு நண்பரின் லேப்டாப்பில் திறந்து பாருங்க. கடைசியாக, ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாக, எல்லாம் ஒரே பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும்படி வெளியே எடுங்க. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்றால் நிமிடத்துக்கு 8.64 எம்பி. 12 டிராக், 4 நிமிடப் பாட்டு சுமார் 415 எம்பி. பென்டிரைவில் கிராக் வைக்கிற இடத்தில் இதை வையுங்க.

இது ஏன் முக்கியம் என்றால், காசு கொடுத்து வாங்கிய மென்பொருளும் நிரந்தரம் இல்லை. 2017 நவம்பரில் கேக்வாக் சோனார் உருவாக்கத்தையே கிப்ஸன் நிறுவனம் நிறுத்தியது. 2018இல் பேண்ட்லேப் அதை வாங்கி இலவசமாகக் கொடுத்ததால் பலர் தப்பித்தார்கள். கிராக்குக்கு அந்த அதிர்ஷ்டமும் கிடையாது. ஒரு விண்டோஸ் அப்டேட் வந்தால் திறக்க மறுக்கும். யாரிடம் போய்க் கேட்பீங்க?

சரி, எதை எடுப்பது?

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஆர்டோர். பால் டேவிஸ் தொடங்கிய திறமூலத் திட்டம். உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்தே காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம். மேக் இருந்தால் கேரேஜ்பேண்ட் கூடவே வருகிறது, முதல் பாட்டுக்குத் தாராளம். ஆடாசிட்டி 2000இலிருந்து நமக்குத் தெரிந்த நண்பன். வெட்ட, ஒட்ட, இரைச்சல் குறைக்க, பேச்சுப் பதிவு செய்ய அருமை. 12 டிராக் பாட்டை மிக்ஸ் பண்ண அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மற்ற எல்லோருக்கும், குறிப்பாகப் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு, என் ஓட்டு ரீப்பருக்கு. வின்ஆம்ப் நினைவிருக்கா? அதை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கெல்தான் இதையும் தொடங்கினார். இன்ஸ்டாலர் சின்னது. டிராக் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இல்லை. ஈக்வலைசர், கம்ப்ரஸர், ரிவெர்ப் எல்லாம் உள்ளேயே இருக்கு. இன்ஜினியரிங் மாணவர்களுக்கு இன்னொரு ருசியும் உண்டு. அதன் ப்ராஜெக்ட் ஃபைல் சாதாரண டெக்ஸ்ட். நோட்பேடில் திறந்து படிக்கலாம், கிட்டில் போட்டு நேற்றைய மிக்ஸுக்கும் இன்றைய மிக்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்கலாம். லூவா, பைத்தானில் ஸ்கிரிப்ட் எழுதலாம். ஜேஎஸ்எஃப்எக்ஸ் என்ற வசதியில் சொந்தமாக ஒரு ஃபில்டர் எழுதி, அந்த நிமிடமே உங்கள் குரலில் கேட்கலாம். டிஎஸ்பி லேபில் கிராஃபாக மட்டும் பார்த்த கட்ஆஃப் ஃப்ரீக்வென்சி முதன்முறையாகக் காதில் விழும்.

குறை இல்லையா? இருக்கு. தோற்றம் பழைய கவர்மென்ட் ஆபீஸ் மாதிரி. மெனுவுக்குள் மெனு. வாத்திய ஒலிகள் கிட்டத்தட்ட எதுவும் கூட வராது. சர்ஜ் எக்ஸ்டி போன்ற இலவச சின்த்களை நீங்களே தேடிச் சேர்க்கணும். பீட், லூப் வைத்தே பாட்டு செய்பவர்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். ரீப்பரின் சோதனைக் காலம் 60 நாள். அது முடிந்த பிறகும் எதுவும் பூட்டப்படாது. திறக்கும்போது ஒரு நினைவூட்டல் வரும், சில நொடி காத்திருந்தால் "இன்னும் சோதித்துப் பார்க்கிறேன்" என்று ஒரு பட்டன். அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கலாம். முதல் வருஷம் போட்டு, ஃபைனல் இயர் வரைக்கும் "இன்னும் சோதித்துப் பார்க்கிறேன்" என்று அழுத்துபவர்கள் எல்லா ஹாஸ்டலிலும் உண்டு. வின்ஆர்ஏஆரை வைத்து நாம் சிரித்த அதே ஜோக்.

ஆனால் இது ஜோக் மட்டும் இல்லை. தனி உபயோகத்துக்கும், வருமானம் குறைவான சிறு தொழிலுக்கும் அதன் விலை 60 டாலர். எல்லா வசதியையும் முதலிலேயே கையில் கொடுத்துவிட்டு, "பிடித்தால் காசு கொடு" என்கிறார்கள். நாளைக்கு நாமும் ஒரு செயலி எழுதுவோம். நம்மில் சிலர் ஸ்டார்ட்அப் வைப்போம். "மாணவர்கள்தானே, ஓசியில் போகட்டும்" என்று அன்றைக்கு நாம் சொல்வோமா?

"ஐயாயிரம் என் மெஸ் பில் ப்ரோ!" புரியுது. இன்றைக்கே கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த 60 நாளை உண்மையான 60 நாளாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டை ஆரம்பித்து முடியுங்கள். முடிந்தபின் இது வேண்டாம் என்று தோன்றினால் நீக்கிவிட்டு ஆர்டோருக்குப் போங்க, நஷ்டம் ஒன்றுமில்லை. வேண்டும் என்று தோன்றினால், கல்ச்சுரல்ஸ் பரிசுப் பணமோ, ஷார்ட் ஃபிலிமுக்கு இசையமைத்த காசோ, முதலில் கையில் வருகிறது பாருங்கள், அதில் முதல் செலவாக லைசென்ஸ் வாங்குங்க. அதற்கு முன் ட்ரீட் வேண்டாம்.

"ரஹ்மானே வீட்டுலதான் ஆரம்பிச்சாரு" என்று எல்லோரும் சொல்வோம். 1989இல் வீட்டுப் பின்கட்டில் பஞ்சதன் ஸ்டுடியோவைத் தொடங்கினார், 1992இல் ரோஜா வந்தது. நடுவில் இருக்கும் அந்த மூணு வருஷத்தைப் பற்றி யாரும் ஸ்டேட்டஸ் வைப்பதில்லை. சொந்த இடத்தில், மணிக்கணக்கு வாடகை இல்லாமல், திருப்பித் திருப்பிச் செய்து பார்க்கும் வசதிதான் ஹோம் ஸ்டுடியோவின் உண்மையான லாபம். அது இப்போது உங்கள் மேஜை மேல் இருக்கு.

ஆகவே, இந்த சனிக்கிழமை ஃபேனை ஆஃப் பண்ணுங்க. ஜன்னலைச் சாத்தி, சுவரோரமா மெத்தையைச் சாய்த்து வையுங்க. மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் லெவல் வையுங்க. முதல் டிராக்கைப் பதியுங்க. பாட்டு முடிந்ததும் நம்ம இதழுக்கு லிங்க் அனுப்புங்க. எந்த மென்பொருளில் செய்தது என்றும் ஒரு வரி எழுதுங்க, அடுத்த வருஷம் வரும் ஜூனியர்களுக்கு உதவும்.