காலை 9 மணி வரை அவிழ்க்கலாம்!

நியூயார்க் நகரத்தின் நடுவே 843 ஏக்கரில் ஒரு பூங்கா இருக்கிறது. பெயர் 'சென்ட்ரல் பார்க்'. காலை 6 மணிக்கு அங்கே போய்ப் பார்க்க வேண்டும். எங்கு பார்த்தாலும் நாய்கள்!

கழுத்தில் பட்டை உண்டு. கயிறு இல்லை. புல்வெளியில் பாய்கின்றன, புரளுகின்றன, பந்தைக் கவ்விக்கொண்டு ஓடி வருகின்றன.

மணி 9 ஆகிறது. அவ்வளவுதான். எல்லா நாய்களுக்கும் கயிறு! அதுவும் 6 அடிக்கு மேல் நீளக் கூடாது. இனி இரவு 9 மணிக்குத்தான் அவிழ்க்கலாம்.

இந்த ஏற்பாடு சும்மா வந்துவிடவில்லை. நாயை அவிழ்த்துவிடக் கூடாது என்றுதான் முன்பு சட்டம். இரவிலும் அதிகாலையிலும் மட்டும் அதிகாரிகள் கண்டும் காணாமல் இருந்தார்கள். 'இது என்ன நியாயம்?' என்று சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். கடைசியில், 2007-ம் ஆண்டு அதையே விதியாக எழுதிவிட்டார்கள்.

அந்த நகரத்தில் பெரும்பாலோர் அடுக்கு மாடியில் குடியிருக்கிறார்கள். முற்றம் இல்லை, கொல்லை இல்லை. நாய் எங்கே ஓடும்? இது நாய் வளர்ப்பவரின் கேள்வி.

குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் தாயின் கேள்வி வேறு. 'உங்கள் நாய் கடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். என் குழந்தைக்குத் தெரியுமா?'

இரண்டும் நியாயம்தான். இடத்தைப் பங்கு போட்டிருந்தால் சண்டை தீர்ந்திராது. நேரத்தைப் பங்கு போட்டார்கள். கெட்டிக்காரத்தனமான வேலை!

நாயை அவிழ்ப்பவரிடம் நாய்க்குரிய லைசென்சும், வெறிநாய் நோய்த் தடுப்பூசி போட்டதற்கான சான்றும் இருக்க வேண்டும். குழந்தைகளின் விளையாட்டுத் திடலுக்குள் நாய் எந்த நேரமும் நுழையக் கூடாது. 'ஆட்டுப் புல்வெளி' என்று ஓர் இடம். 1934 வரை அங்கே நிஜமாகவே ஆடுகள் மேய்ந்தன. ஆடுகள் போய்விட்டன, ஆனாலும் நாய்க்கு அனுமதி இல்லை!

நாய் அசுத்தம் செய்தால், வளர்ப்பவரே எடுக்க வேண்டும். இது 1978-ம் ஆண்டுச் சட்டம். 'இப்படிச் சட்டம் போட்டால், நாய்களைத் தெருவில் விட்டுவிடுவார்கள்' என்று அப்போது எதிர்த்தார்கள். சட்டம் நிலைத்துவிட்டது. இன்று கோடீசுவரரும் குனிந்துதான் ஆக வேண்டும். தவறினால் 250 டாலர் அபராதம்.

இதே பூங்காவில் ஒரு நாய்க்குச் சிலையே இருக்கிறது! அதன் பெயர் பால்டோ. 1925-ல் அலாஸ்காவின் நோம் என்ற ஊரில் குழந்தைகளைத் தொண்டை அடைப்பான் நோய் தாக்கியது. ஒரே பனி. நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளில், கைமாற்றிக் கைமாற்றி மருந்து வந்தது. கடைசி வண்டியை ஊருக்குள் இழுத்து வந்த நாய்களில் முன்னால் ஓடியது பால்டோ. அதே ஆண்டு டிசம்பரில் சிலை திறந்தபோது பால்டோவும் வந்திருந்தது!

குழந்தைகள் ஏறி ஏறி, அந்த வெண்கல முதுகு பளபளக்கிறது. நாயைக் கண்டால் அழுகிற குழந்தைகூட அதன்மேல் ஏறிக்கொள்ளும். பால்டோவுக்கு மட்டும் 9 மணிக்குப் பிறகும் கயிறு கிடையாது.