சிட்டா இல்லாத உழவர்

கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் விளையும் நாஞ்சில் நாட்டு வயல்களில் நட்டும் களையெடுத்தும் வாழ்ந்தவர்களில் நிலமற்ற தலித் பெண்கள் ஏராளம். வேளாண் விரிவாக்க மையத்தின் பயனாளிப் பட்டியலில் மட்டும் அவர்கள் பெயரைக் காண்பது அரிது.

ஆய்வில் கண்டதை உழவரிடம் சேர்ப்பதே விரிவாக்கப் பணி. திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.பி.எஸ். நெல் ரகங்கள் அப்படித்தான் வயலுக்கு வந்தன. காலத்துக்கேற்ப இப்பணி மாறியும் வந்திருக்கிறது. 1986-இல் டென்மார்க் உதவியோடு தொடங்கிய 'தான்வா' திட்டம், பெண் அலுவலர்களைக் கொண்டு உழவர் குடும்பப் பெண்களுக்குப் பயிற்சி தந்தது. 2018-இல் 'உழவன்' செயலி வந்தது. ஆனால், அலுவலகத்தில் கேட்கும் முதல் கேள்வி மாறவில்லை: "சிட்டா இருக்கா?"

ஊரோ மாறிவிட்டது. நிலமுடையோரின் பிள்ளைகள் பலர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். வாய்ப்பேச்சுப் பாட்டத்தில் வயலை எடுத்துப் பயிரிடுபவரிடம் காகிதம் இல்லை. பிரதமரின் கிசான் உதவித்தொகையும் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபோது மானியம் நிலமுடையவருக்குக் கிடைத்தது. கூலி வேலையை இழந்தவர்கள் நம் பெண்கள்.

2007-ஆம் ஆண்டின் தேசிய உழவர் கொள்கை, குத்தகைதாரர், வாரதாரர், விவசாயத் தொழிலாளர் அனைவரையும் 'உழவர்' என்றே சொல்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு, குறு விவசாயிகளுக்கு வேளாண் இயந்திரம் வாங்க 20 விழுக்காடு கூடுதல் மானியத்தை மாநில அரசு அறிவித்ததை வரவேற்கிறோம். ஆனால் சிறு விவசாயி என்ற சான்றுக்கும் நிலம் வேண்டுமே! நிலமற்றவருக்கு அந்த மானியம் எட்டாக்கனிதான்.

நாம் கேட்பவை மூன்று. விரிவாக்கக் கூட்டங்களை நம் குடியிருப்புகளிலும், வேலை முடிந்த மாலை நேரத்தில் நடத்துங்கள். இயந்திரங்களை இயக்கவும் பழுதுபார்க்கவும் வேலையிழந்த பெண்களுக்கே முதலில் பயிற்சி கொடுங்கள். குத்தகை உரிமையைப் பதிய 1969-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பதியப் போனால் நிலத்தைத் திரும்ப வாங்கிவிடுவார்களோ என்ற அச்சம் பாட்டக்காரருக்கு உண்டு. ஆகவே தனிமனிதர் மனுவுக்குக் காத்திராமல், வருவாய்த் துறையே ஊர்தோறும் முகாம் நடத்திப் பதிய வேண்டும்.

2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு நான்கு பேர் அளவே. எண்ணிக்கை சிறிது என்பதற்காக உரிமை சிறிதாகிவிடாது. கல்லூரி செல்லும் தம்பி, தங்கைகளே, உங்கள் தெருவில் யார் யார் எந்த வயலில் பயிரிடுகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த கிராமசபையில் அதை எழுந்து நின்று வாசியுங்கள்.