வேலையை எண்ணிச் சலுகை கொடுங்கள்

தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளி வட்டத்தில், அதியமான்கோட்டை, தடங்கம் ஊர்களை ஒட்டி 1,700 ஏக்கருக்கும் அதிகமான பரப்பில் சிப்காட் தொழிற்பூங்கா திட்டமிடப்பட்டிருக்கிறது. 2021ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் கொள்கை, தருமபுரியை ‘சி’ பிரிவில் வைத்து, சென்னையையும் அதைச் சுற்றியுள்ள ‘ஏ’ பிரிவு மாவட்டங்களையும்விடக் கூடுதல் சலுகைகளை வழங்குகிறது. இது தருமபுரிக்கு நியாயமாகச் சேர வேண்டியதே. ஆனால், அந்தச் சலுகையின் பலன் யாருக்குப் போய்ச் சேரும் என்பதை அரசு இப்போதே உறுதிசெய்ய வேண்டும். ஏனெனில், இந்த மாவட்டம் ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்திருக்கிறது.

1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி, 1970களில் வருமான வரிச் சட்டத்தின் பின்தங்கிய பகுதிகள் பட்டியலில் இடம்பெற்றது. அத்தகைய பகுதிகளில் தொடங்கப்பட்ட ஆலைகள், லாபத்தில் 20 விழுக்காட்டுக்குப் பத்து ஆண்டுகள் வரிக்கழிவு பெற்றன. அன்று ஓசூரும் இதே மாவட்டம்தான். பெங்களூருக்குப் பக்கம், நல்ல சாலை, சிப்காட் மனைகள் எல்லாம் அங்கே இருந்தன. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என ஆலைகள் ஓசூரில் எழுந்தன. பென்னாகரமும் அரூரும் இருந்தபடியே இருந்தன. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூரும் அதனுடன் போய்விட்டது. பின்தங்கிய மாவட்டம் என்ற பெயர் மட்டும் தருமபுரிக்கு மிஞ்சியது.

உத்தராகண்டிலும் இதுதான் நடந்தது. 2003இல் அறிவிக்கப்பட்ட வரிவிலக்கை நம்பி வந்த ஆலைகள் ஹரித்வார், ருத்ரபூர் சமவெளிகளிலேயே நின்றுவிட்டன. மலைக் கிராமங்களிலிருந்து இளைஞர்கள் வெளியேறுவது நிற்கவில்லை. மாவட்டம், மாநிலம் என்று பொதுவாகச் சலுகை கொடுத்தால், முதலீட்டாளர் தமக்கு வசதியான மூலையையே தேடுவார். அதில் அவர் குற்றம் ஏதுமில்லை. விதியை அப்படி எழுதியது அரசு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி: 68.5 விழுக்காடு. மழை பொய்த்தால் பெங்களூருக்குக் கட்டட வேலை, திருப்பூருக்கு பனியன் கம்பெனி என்று குடும்பங்கள் கிளம்புகின்றன. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை நடத்திய துப்பாக்கிச்சூட்டில் இறந்த 20 தமிழர்களில் தருமபுரியின் சித்தேரி மலை மக்களும் இருந்தார்கள். உள்ளூரில் நிலையான கூலி இல்லாமை எவ்வளவு தூரம் ஆளைத் துரத்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே, இரண்டு மாற்றங்கள் உடனே தேவை. முதலாவது, பெருந்தொழில்களுக்கான சலுகையையும் ஊராட்சி ஒன்றிய அளவில் நிர்ணயிக்க வேண்டும். சிறு, குறு தொழில்களுக்கான மூலதன மானியத்தில், பின்தங்கிய ஒன்றியங்களை அடையாளம் காணும் முறை ஏற்கெனவே இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்து நல்லம்பள்ளிக்கும் மலையடிவாரத்துப் பென்னாகரத்துக்கும் ஒரே அளவு சலுகை என்பது நீதியல்ல.

இரண்டாவது, சலுகையின் பெரும்பகுதி சம்பளப் பட்டியலைப் பார்த்துக் கொடுக்கப்பட வேண்டும். இன்று வேலைவாய்ப்பு எண்ணிக்கை ஒரு தகுதி நிபந்தனையாக இருந்தாலும், முதலீட்டுத் தொகையே முதன்மை அளவுகோல். இயந்திரம் மிகுந்த ஆலைக்கு அதிகமும், ஆள் மிகுந்த ஆலைக்குக் குறைவும் கிடைப்பதற்கே இது வழிசெய்யும். மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளம் தரும் உலகளாவிய திறன் மையங்களுக்கு முதலாண்டில் 30 விழுக்காடு ஊதிய மானியம் என்று 2024 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தக் கை, பாலக்கோட்டில் தக்காளி பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்யும் பெண்ணின் சம்பளத்துக்கும், புளி, பட்டு, மரவள்ளி சார்ந்த சிறு ஆலைகளுக்கும் நீள வேண்டும். வருங்கால வைப்பு நிதிப் பதிவில் உள்ளூர்த் தொழிலாளியின் பெயர் தொடர்ந்து இருக்கும்வரை மானியம். பெயர் போனால் மானியமும் நிற்க வேண்டும்.

நிபந்தனை போட்டால் முதலீடு பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும் என்பார்கள். உண்மையிலேயே ஆள் எடுக்கப்போகிற நிறுவனத்துக்கு இதில் இழப்பு ஒன்றுமில்லை. ஆள் எடுக்காமல் வரியை மட்டும் மிச்சம் பிடிக்க வருகிற நிறுவனம் போனால் தருமபுரிக்கும் இழப்பில்லை. நிறுவனங்களைக் கொண்டுவர அரசு செய்ய வேண்டியது வேறு: தண்ணீர், தொழிற்பயிற்சி, 2019இல் அடிக்கல் நாட்டப்பட்ட மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதை.

விட்டுக்கொடுக்கும் வரி மக்கள் பணம். எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு சலுகை, அதற்கு ஈடாக எந்த ஒன்றியத்தில் எத்தனை பேருக்கு வேலை என்ற கணக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். தருமபுரி சிப்காட்டின் முதல் ஒப்பந்தத்திலேயே இந்த விதி இடம்பெறட்டும்.