வாழ்த்து வந்தது, லீவு போயிற்று!

டிசம்பர் பிறந்தால் அமெரிக்க ராஜ்யங்களின் சட்டசபை அங்கத்தினர்கள் தொகுதி ஜனங்களுக்குக் கடிதம் அனுப்புவது வழக்கம். கிறிஸ்துமஸ் வாழ்த்து, ஏழைக் குழந்தைகளுக்குப் பொம்மை வசூல், புது வருஷத்தில் அமலாகும் சட்டங்கள் எல்லாம் அதில் இருக்கும். வாழ்த்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் அதில் விட்டுப்போவது என்ன? மிசௌரி ராஜ்யத்தைப் பாருங்கள்.

2024 நவம்பரில் அங்கே ஜனங்களே நேராக வோட்டுப் போட்டு ஒரு சட்டம் செய்தார்கள். நூற்றுக்கு 57 பேருக்கு மேல் ஆதரித்தார்கள். குறைந்தபட்சக் கூலி 2025 ஜனவரியில் மணிக்கு 13.75 டாலர், 2026 ஜனவரியில் 15 டாலர். 2027 முதல் விலைவாசிக்கேற்ற உயர்வு. 30 மணி நேரம் உழைத்தால் 1 மணி நேரம் சம்பளத்தோடு சுகவீன லீவு.

2025 மே 1-ல் லீவு அமலுக்கு வந்தது. அதே மாதத்தில் முதலாளிகளின் வர்த்தக சபை கேட்டபடி சட்டசபை அதை ரத்து செய்தது! ஜூலையில் கவர்னர் கையெழுத்திட்டார். ஆகஸ்ட் 28-ல் லீவு போயிற்று. விலைவாசிக்கேற்ற உயர்வும் போயிற்று. 15 டாலர் மட்டும் தப்பியது. ஜனங்கள் செய்தது ராஜ்ய அரசியல் சட்டத்தில் ஏறாத சாதாரணச் சட்டம். ஆகவே அதை அழிக்க அங்கத்தினர்களின் வோட்டே போதுமாயிருந்தது.

"கூலி 15 டாலர் ஆகிறது" என்று கடிதத்தில் எழுதலாம், பொய்யில்லை. காய்ச்சலில் ஒரு நாள் படுத்தால் கூலி போகிறதே, அதை யார் எழுதுவது?

தோழர்களே! எந்த நாட்டு மெம்பரின் வாழ்த்தானாலும் வாங்கிக்கொள்வோம். கூடவே கேட்போம்: "சபையில் உங்கள் வோட்டு யாருக்கு விழுந்தது?"