சாவிக்கொத்துக்கு வரும் சொந்தக்காரர்கள்

தோழர்களே! இரண்டு ஆடவர்கள் ஒருவரையொருவர் துணையாகக் கொண்டு முப்பது வருஷம் ஒரே வீட்டில் வாழ்கின்றார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு இருவர் உழைப்பில் கட்டியது. பத்திரம் மட்டும் ஒருவர் பேரில் இருக்கின்றது. அவர் பாயில் விழுந்தால் மலஜலம் எடுப்பவர் மற்றவரே. “குடும்ப மானம் போயிற்று” என்று அவரைத் துரத்திய அண்ணன்மார் எட்டியும் பார்ப்பதில்லை. மூச்சு நின்ற மறுநாளோ அண்ணன்மார் சாவிக்கொத்துக்கு வந்துவிடுகின்றார்கள்; பணிவிடை செய்தவர் தெருவில் நிற்கின்றார். இது யோக்கியமா என்று கேட்கின்றோம்.

சட்டம் என்ன சொல்லுகின்றது? 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்து பிள்ளைகள், மனைவி, தாய், பிறகு தகப்பன், உடன்பிறந்தார், பங்காளி, மற்ற உறவினர் என்று போய், ஒருவருமில்லாவிட்டால் சர்க்காரைச் சேரும். முகமறியாத பங்காளிக்கு இடமுண்டு, சர்க்காருக்கும் இடமுண்டு, கூட வாழ்ந்தவருக்கு மாத்திரம் இடமில்லை!

ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் கூடி வாழ்வது குற்றமல்லவென்று சுப்ரீம் கோர்ட்டு 2018இல் தீர்ப்புச் சொல்லிற்று. அவர்களுக்குக் கல்யாண உரிமை கொடுக்க அதே கோர்ட்டு 2023இல் மறுத்துவிட்டது. அதாவது, சேர்ந்து வாழலாம், வாரிசாகக் கூடாது! 2024இல் மத்திய சர்க்கார், நெருங்கிய உறவினர் இல்லாதபோது துணைவர் சவத்தைப் பெறலாம் என்று மாகாண சர்க்கார்களுக்கு எழுதிற்று. இந்தத் தயவுங்கூட உறவினர் வராவிட்டால்தான்!

“இது சாஸ்திரத்துக்கு விரோதம்” என்று சிலர் கூச்சலிடுவார்கள். தோழர்களே, நம்மைப் பார்த்தும் அப்படித்தானே சொன்னார்கள்? புரோகிதனும் ஓமப்புகையும் இல்லாத நமது கல்யாணங்கள், 1967இல் சட்டசபை சட்டம் செய்யும்வரை, கோர்ட்டில் செல்லுபடியாகவில்லை. நம் மனைவி மக்களின் சொத்துப் பாத்தியதையும் அந்தரத்தில் தொங்கிற்று. அந்த அவமானத்தை அனுபவித்த நாமே இன்று இன்னொருவரைப் பார்த்து “நீ யார்?” என்று கேட்கலாமா? கொள்ளி வைப்பவனுக்குச் சொத்து. கஞ்சி ஊற்றியவனுக்கு ஒன்றுமில்லை என்பதுதான் நியாயமா?

நிற்க. சட்டம் மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இப்படி வாழ்வோர் இன்றே உயில் எழுதிவைக்க வேண்டும். முத்திரைத்தாள் வேண்டாம், ரிஜிஸ்டர் செய்வதும் கட்டாயமில்லை, செய்தால் நல்லது. எழுதியவர் கையெழுத்தும், அதைக் கண்ட இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் போதும். சொத்தை அடைபவர் சாட்சியாக இருக்க வேண்டாம். பாங்கியில் நாமினியாகப் பேர் கொடுத்தாயிற்றே என்று ஏமாந்துவிடாதீர்கள்; நாமினி பணத்தை வாங்கத்தான் உரியவர், சொந்தக்காரரல்ல.

சாட்சிக்கு ஆளில்லையென்று அவர்கள் தவித்தால், பகுத்தறிவு பேசும் நாம் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். மேடையில் பேசுவதைவிட அதுவே பெரிய காரியமாகும்.