தன்னிறைவு: கூரையின் கணக்கும் தேவையின் கணக்கும்

2020 நவம்பரில், அப்போது மும்பை ஐஐடியில் பேராசிரியராக இருந்த சேத்தன் சிங் சோலங்கி, 2030 வரை வீடு திரும்புவதில்லை என்ற உறுதியோடு ஒரு பேருந்தில் குடியேறினார். கூரையில் 3.2 கிலோவாட் சூரியத் தகடுகள். உள்ளே 6 யூனிட் சேமிக்கும் மின்கலம். விளக்கு, மின்னடுப்பு, கணினி, குளிர்சாதனம் ஆகியவை அதிலேயே இயங்கின. பேருந்தின் சக்கரங்களைச் சுழற்ற அத்தகடுகள் போதா. இங்கே பேச்சு வீட்டுத் தேவையைப் பற்றியதே. இச்செய்தி பகிரப்படும்போதெல்லாம், எல்லோரும் தகடு பொருத்திக்கொண்டால் போதுமே என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகின்றனர். அம்முடிவு நகரத்திற்குப் பொருந்துமா என்று கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

தில்லியின் கிழக்கு கிட்வாய் நகரில், ஏறத்தாழ 86 ஏக்கரில் தாழ்வான அரசுக் குடியிருப்புகள் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. இத்தகைய ஒரு கோபுரத்தைக் கற்பனை செய்வோம்: 14 தளங்கள், தளத்திற்கு 4 வீடுகள், மேலே 400 சதுர மீட்டர் மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டி, மின்தூக்கி அறை, நிழல் ஆகியவை போகப் பாதி இடம் மிஞ்சும். ஒரு கிலோவாட்டுக்கு 10 சதுர மீட்டர் வேண்டுமாதலால் 20 கிலோவாட் அமைக்கலாம். கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் என்றால் மொத்தம் 80 யூனிட். 56 வீடுகளுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு ஒன்றரை யூனிட்டும் தேறாது. ஒன்றரை டன் குளிர்சாதனப் பெட்டி ஒரு மணி நேரம் ஓடினாலே அது ஏறத்தாழத் தீர்ந்துவிடும். அதே கணக்கில் பேருந்துக்குக் கிடைப்பது 13 யூனிட். சூரியனைப் பொறுத்தவரை, கோபுரத்தில் வாழ்பவரைவிடப் பேருந்தில் வாழ்பவரே செல்வந்தர்.

அரசுத் திட்டங்கள் இந்த வேறுபாட்டை ஓரளவு அறிந்தே இருக்கின்றன. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் தனி வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. குடியிருப்போர் சங்கங்களுக்கும் உதவுகிறது. வேறிடத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தைப் பலரது கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் முறையைத் தில்லி 2019இலேயே வகுத்துவிட்டது. மாடியில் உரிமையற்ற வாடகைதாரருக்கு இது நியாயம் செய்யக்கூடும், வரவேற்கத்தக்கது. ஆயினும் அந்த 'வேறிடம்' யாருடைய இடம்? ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பகுதியில், ஒரண் எனப்படும் மேய்ச்சல் பொதுநிலங்களைச் சூரியப் பூங்காக்களிடமிருந்து காக்க மக்கள் போராடி வருகின்றனர். நகரத்தின் கூரை போதாதபோது பாலைவனத்தின் புல்வெளி கூரையாகிறது.

சோலங்கியின் கொள்கை மூன்று பகுதிகளைக் கொண்டது: தேவையில் மூன்றில் ஒரு பங்கைத் தவிர்த்தல், ஒரு பங்கைச் சிக்கனத்தால் குறைத்தல், எஞ்சிய பங்கை உள்ளூரிலேயே உற்பத்தி செய்தல். உற்பத்தி அதில் இறுதியாகவே வருகிறது. நமது மானியங்களும் விளம்பரங்களும் அந்த மூன்றாவதிலிருந்தே தொடங்குகின்றன.

குறைத்துக்கொள் என்பது எப்போதும் எளியோருக்குச் சொல்லப்படும் உபதேசம் என்ற மறுப்பு எழும். அம்மறுப்பு நியாயமானது. தில்லிக் கோடையில் மேல்தளத்து ஒற்றையறையில் ஒரு மின்விசிறியோடு வாழ்பவரிடம் சிக்கனம் பேசுவது கொடுமை. 2019 முதல் மாதம் 200 யூனிட் வரை தில்லியில் கட்டணமில்லை. அந்த எல்லையைத் தாண்டிவிடக் கூடாதென்று மாதக் கடைசியில் மீட்டரைப் பார்த்து வாழும் குடும்பங்கள், பேருந்துவாசி மின்கலத்தைப் பார்க்கும் அதே கவனத்தோடுதான் வாழ்கின்றன. எல்லையறிந்து வாழ இவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பகலெல்லாம் திரைச்சீலை மூடி விளக்கெரிக்கும் அலுவலகங்களும், போர்வை தேவைப்படும் அளவுக்குக் குளிரூட்டப்படும் கருத்தரங்கக் கூடங்களும்தான் கற்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் தம் கூரையின் உற்பத்தியைப் பெருமையோடு அறிவிக்கின்றன. அருகிலேயே தம் நுகர்வையும் எழுதிவைக்கட்டும்.

தமிழில் 'நிறைவு' என்ற சொல்லுக்கு நிரம்புதல் என்றும், போதும் என்ற மனநிலை என்றும் இரு பொருள் உண்டு. தன்னிறைவு பற்றிய நம் பேச்சு முதற்பொருளோடு நின்றுவிடுகிறது. கிட்வாய் நகரின் கோபுரங்களுக்கு இரண்டாம் பொருளின்றி முதற்பொருள் கைகூடாது.